செல்ஃப் எடுக்காத பைக்... தள்ளலாமா, கூடாதா? தள்ளுவதற்கு முன் ஒரு நிமிடம்!

பொங்கல் விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் விடியற்காலை. தென்மாவட்ட ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாம்பரத்தில் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போகின்றன. தோளில் பை, கையில் அம்மா கட்டிக்கொடுத்த மூட்டையோடு நேராக டூ வீலர் பார்க்கிங். ஒரு வாரத் தூசியைத் துணியால் தட்டிவிட்டு, சாவியைத் திருப்பி, செல்ஃப் பட்டனை அமுக்கினால்...

‘டிக்... டிக்... டிக்...’

மீட்டரில் எரிந்த விளக்கும் மங்குகிறது. இன்னொரு முறை அமுக்கினால் அந்த ‘டிக்’கும் இல்லை. எட்டரை மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டும். பக்கத்தில் வண்டி எடுக்க வந்தவரைத் தயக்கத்தோடு பார்த்து, “அண்ணே, கொஞ்சம் தள்ளிவிடுறீங்களா?” என்று கேட்கிறார் தம்பி. “செகண்ட் கியர் போட்டுக்கோ!” என்று பையைக் கீழே வைக்கிறார் அண்ணன்.

தாம்பரம் ஸ்டேஷனிலும், 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அங்கேயும், பண்டிகை முடிந்த ஒவ்வொரு முறையும் பார்க்கக்கூடிய காட்சி இது. ‘பேட்டரி டவுனா? தள்ளு!’ என்பதுதான் அப்பா காலத்திலிருந்து வரும் வைத்தியம். ஆனால், அப்பாவின் பைக்குக்குப் பலித்த வைத்தியம் மகனின் பைக்குக்கு அப்படியே பலிக்காது. சில வண்டிகளை எவ்வளவு தூரம் தள்ளினாலும் பயன் இல்லை. ஒரு சில நேரங்களில் தள்ளினால் இன்ஜினே போய்விடும். எப்போது தள்ளலாம், எப்போது தள்ளக் கூடாது என்று தெரிந்துகொண்டால் மூச்சும் மிச்சம், பணமும் மிச்சம்.

தள்ளினால் ஏன் ஸ்டார்ட் ஆகிறது?

இன்ஜினுக்கு முதல் சுற்றை யாராவது சுற்றிக்கொடுக்க வேண்டும். பட்டனை அமுக்கினால் செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது. கிக்கரை உதைத்தால் கால் சுற்றுகிறது. தள்ளும்போது அந்த வேலையைப் பின்சக்கரம் செய்கிறது. சக்கரம் செயினை இழுக்க, செயின் கியர் பாக்ஸைச் சுற்ற, கிளட்ச்சை விட்டதும் அந்தச் சுற்று இன்ஜினுக்குப் போய்ச் சேர்கிறது. இன்ஜின் சக்கரத்தை ஓட்டுவதற்குப் பதில், சக்கரம் இன்ஜினை ஓட்டுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

‘செகண்ட் கியர்’ என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. பல 100 சிசி பைக்குகளில், முதல் கியரில் பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் ஏறக்குறைய 30 சுற்று சுற்ற வேண்டும். அவ்வளவு பாரத்தை இழுக்க முடியாமல் டயர் ‘சர்ர்ர்’ என்று தேய்ந்து நின்றுவிடும். இரண்டாவது கியரில் இது 20 சுற்றுக்கும் குறைவு. சக்கரத்தால் இழுக்க முடியும். இன்ஜின் பற்றிக்கொள்ளவும் அந்த வேகம் போதும். பெரிய இன்ஜின் உள்ள கனமான பைக் என்றால் மூன்றாவது கியர்கூடப் போட்டுப் பார்க்கலாம்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது வக்கில்லாதவர்களின் வழி என்று கூச்சப்படவும் வேண்டியதில்லை. உலக கிராண்ட் பிரீ மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலேயே 1986 வரை வீரர்கள் பைக்கைத் தள்ளிக்கொண்டு ஓடி, தாவி ஏறித்தான் பந்தயத்தைத் தொடங்கினார்கள். இன்ஜின் ஓடும் நிலையில் புறப்படும் முறை 1987-ல்தான் வந்தது.

அப்பாவின் பைக்கும் மகனின் பைக்கும்

பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குகள் பலவற்றில் ப்ளக்குக்கு வேண்டிய மின்சாரத்தை இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் மேக்னெட்டே தயாரித்துவிடும். பெட்ரோல், டேங்கிலிருந்து தானாகவே கார்புரேட்டருக்கு இறங்கும். பேட்டரி ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும்தான். அது செத்தாலும் இன்ஜினுக்குக் கவலை இல்லை. அதனால்தான் அந்த வண்டிகள் தள்ளியதும் கிளம்பின.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய பைக்குகளில் பெரும்பாலானவை எஃப்.ஐ. எனப்படும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. இதில் பெட்ரோல் தானாக இறங்காது. டேங்குக்குள் இருக்கும் மின்சார பம்ப் அழுத்தம் கொடுத்துத் தள்ள வேண்டும். எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் என்று இ.சி.யு. என்ற சின்னக் கம்ப்யூட்டர் கணக்குப் போட வேண்டும். இரண்டுக்குமே மின்சாரம் வேண்டும்.

கூடவே கிக்கரும் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்வதே ஒரு கம்பீரம் என்று பெயரெடுத்த புல்லட்டிலும் இதே கதைதான். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாகப் போனால் வரும் ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டின் ஆலை 2013 முதல் இயங்குகிறது. அந்த நிறுவனம் 2023 செப்டம்பரில் வெளியிட்ட புதிய புல்லட் 350-ல் கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான்.

அப்படியென்றால் எஃப்.ஐ. பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாதா? முடியும், பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால். செல்ஃப் மோட்டார் கேட்பது ஒரு குடம் தண்ணீர் என்றால், பம்பும் இ.சி.யு.வும் கேட்பது ஒரு டம்ளர்தான். குடம் நிரம்பாத பேட்டரியிலும் டம்ளர் தண்ணீர் மிச்சம் இருக்கலாம்.

அதைத் தெரிந்துகொள்ள மீட்டர் எதுவும் வேண்டாம். காது போதும். சாவியை ஆன் செய்துவிட்டு அமைதியாகக் கேளுங்கள். டேங்க் பக்கமிருந்து ‘ங்ஙீ...’ என்று ஓரிரு நொடி ரீங்காரம் கேட்கிறதா? அதுதான் பம்ப். மீட்டர் விளக்குகளும் எரிந்தால், தள்ளிப் பார்க்கலாம். சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை: ‘டிக் டிக்’ சத்தம் கேட்டதும் பட்டனை விட்டுவிடுங்கள். பத்து முறை அமுக்கினால், மிச்சமிருந்த அந்த ஒரு டம்ளரும் காலி.

தள்ளுவதற்கு முன் இந்த நான்கையும் பாருங்கள்

இருநூறு அடி தள்ளி, வியர்வையில் நனைந்த பிறகு, “கில் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்குப்பா!” என்று வழியில் போகிறவர் சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு அவமானம்! அதனால்...

• வலதுகைப் பக்கம் இருக்கும் சிவப்பு கில் ஸ்விட்ச் ஆன் நிலையில் இருக்கிறதா? பார்க்கிங்கில் யாராவது விளையாட்டாகத் தட்டிவிட்டிருக்கலாம்.

• சைடு ஸ்டாண்ட் மேலே ஏறியிருக்கிறதா? இப்போதைய பல பைக்குகளில் ஸ்டாண்ட் இறங்கியிருந்தால் கியரில் இன்ஜின் ஓடாது.

• பெட்ரோல் இருக்கிறதா? பழைய வண்டி என்றால் பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா?

• கிக்கர் இருந்தால் முதலில் அதை உதைத்துப் பாருங்கள். வண்டியில் கிக்கர் இருப்பதையே மறந்துபோனவர்கள் நிறைய பேர்!

இவை நான்கும் சரியாக இருந்து, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை என்றால்தான் தள்ள வேண்டும்.

தள்ளும் முறை

முதலில் இடம். ஜி.எஸ்.டி. சாலையிலோ, மேம்பாலத்திலோ, கேம்ப் ரோடு சிக்னலிலோ நின்று தள்ளாதீர்கள். கட்டாயம் பக்கத்துத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போய்விடுங்கள். சமமான, மண்ணும் ஜல்லியும் இல்லாத தார்ச்சாலை வேண்டும். லேசான இறக்கம் இருந்தால் அதிர்ஷ்டம். ஹெல்மெட் தலையில் இருக்கட்டும். திடீரென்று ஸ்டார்ட் ஆகி வண்டி துள்ளும்போதுதான் பலர் விழுகிறார்கள்.

1. சாவி ஆன். கில் ஸ்விட்ச் ஆன். எஃப்.ஐ. பைக்கில் பம்ப் சத்தம் ஓய்வதுவரை பொறுங்கள். கார்புரேட்டர் பைக், குளிர்ந்த இன்ஜின் என்றால் சோக் இழுத்துக்கொள்ளுங்கள்.

2. இரண்டாவது கியர் போடுங்கள். கிளட்ச் பிடிக்காமல் வண்டியை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஓர் இடத்தில் இறுகி நிற்கும். இப்படிச் செய்தால், முன்னே தள்ளிக் கிளட்ச் விடும்போது பிஸ்டனுக்குக் கொஞ்சம் ஓட்டம் கிடைக்கும். பழைய மெக்கானிக்குகள் கைக்கொள்ளும் உத்தி இது.

3. கிளட்ச்சை முழுதாகப் பிடித்துக்கொண்டு தள்ளத் தொடங்குங்கள். தனியாக என்றால் வண்டியின் இடது பக்கம் நின்று தள்ள வேண்டும். துணைக்கு ஆள் இருந்தால், ஓட்டுபவர் உட்கார்ந்துகொள்ள, பின்னால் இருப்பவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தள்ளட்டும். டெயில் லைட்டையும் மட்கார்டையும் பிடித்துத் தள்ளினால் அது கையோடு வந்துவிடும்.

4. வேகமாக நடப்பதைத் தாண்டி ஓட்டம் பிடிக்கும் வேகம் வந்ததும், சீட்டில் ‘தொம்’மென்று உட்காருங்கள். அதே நொடியில் கிளட்ச்சைச் சட்டென்று விடுங்கள். உட்காரும் எடை பின்சக்கரத்தை அழுத்தும்; டயர் வழுக்காது. வேகமும் எடையும் கிளட்ச்சும் ஒரே நொடியில் சேர வேண்டும். தவறினால் மறுபடி முயற்சி செய்ய வேண்டியதுதான்.

5. இன்ஜின் ‘டுபுக்’ என்று உயிர் பெற்றதும் உடனே கிளட்ச்சைப் பிடியுங்கள். லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து இன்ஜினை நிறுத்தாமல் வைத்திருங்கள். பிரேக் பிடித்து நின்று, நியூட்ரல் போட்டுவிட்டு, தள்ளியவருக்கு நன்றி சொல்லுங்கள்!

நான்கைந்து முறை முயன்றும் ஆகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸருக்குள் போய்ச் சேரும். புதிய பைக்குகளின் சைலன்ஸருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதற்கு இது நல்லதல்ல. மாற்ற வேண்டி வந்தால் செலவு புது பேட்டரியைவிட அதிகம்.

இன்னொன்று. நின்றுபோன பைக்கில் ஒருவர் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் வேறொரு பைக்கில் வருபவர் அதன் ஃபுட்ரெஸ்ட்டில் காலை வைத்துத் தள்ளிக்கொண்டே போவதைத் தாம்பரம் – வேளச்சேரி சாலையில் அடிக்கடி பார்க்கலாம். நட்புக்கு அழகுதான். ஆனால், முன்னால் போகும் பஸ் பிரேக் பிடித்தால் இரண்டு வண்டியும் சேர்ந்து விழும். வேண்டாமே!

ஸ்கூட்டரைத் தள்ளிப் பயன் இல்லை

வீட்டுக்கு வீடு நிற்கும் கியர் இல்லாத ஸ்கூட்டர்களைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. அவற்றில் இருப்பது தானியங்கி கிளட்ச். இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் அது சக்கரத்தைப் பிடிக்கும். இன்ஜின் ஓடாதபோது சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பே இல்லை. எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் தனியாக உருளும், இன்ஜின் அசையாது. சாய்த்துவிட்டு உதைத்த அந்தக் கால சேத்தக்கில் கியர் இருந்ததால் தள்ள முடிந்தது.

ஸ்கூட்டர் என்றால் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கிக்கரை உதைப்பதுதான் வழி. வாங்கும்போதே கிக்கர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. வீட்டில் பெரியவர்கள் ஓட்டும் வண்டி என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிக்கரை உதைத்துப் பாருங்கள். பயன்படுத்தாத கிக்கர் துருப்பிடித்து இறுகிவிடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா? தள்ளவே தள்ளாதீர்கள்!

இந்தக் கட்டுரையில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் அதே பகுதிகள். கூடவே வேளச்சேரி, பள்ளிக்கரணை. தண்ணீர் வடிந்ததும் சேறு படிந்த பைக்கை வெளியே இழுத்து, ‘ஓடுதா பாப்போம்’ என்று பட்டனை அமுக்குவதும், எடுக்கவில்லை என்றால் தள்ளுவதும்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும்.

அங்கேதான் ஆபத்து. வண்டி மூழ்கியிருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகவோ சைலன்ஸர் வழியாகவோ இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். பிஸ்டன் காற்றை அமுக்கும்; தண்ணீரை அமுக்க முடியாது. தண்ணீர் நிற்கும் சிலிண்டரில், தள்ளிய வேகத்தில் பிஸ்டன் மேலே ஏறினால் முட்டி நின்று, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சில நூறு, ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினைப் பிரித்துப் போடும் செலவாகிவிடும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? சாவியைத் திருப்பாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். நியூட்ரலில் உருட்டியோ, லோடு வண்டியில் ஏற்றியோ மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். ப்ளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஏர் ஃபில்டரை மாற்றி, இன்ஜின் ஆயிலைப் பார்ப்பார்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அதை மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இன்ஷூரன்ஸும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. முழுப் பாலிசி இருந்தாலும், மூழ்கிய இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்ய முயன்று உடைந்தால், அதை வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதமாக ஏற்காமல் மறுக்க வாய்ப்பு இருக்கிறது. வண்டியைத் தொடும் முன்பே, தண்ணீர் ஏறிய அடையாளத்தோடு போனில் படம் எடுத்துவைத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது... அடுத்து?

தள்ளி எடுத்த வண்டியை முதல் டீக்கடையில் ஆஃப் செய்தால் மறுபடியும் தள்ள வேண்டியதுதான். குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிடுவதில் பெரிதாக சார்ஜ் ஏறாது. பெருங்களத்தூர் வீட்டுக்கு நேராகப் போகாமல், வண்டலூர் வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம். வழியில் பேட்டரி கடை இருந்தால் இன்னும் நல்லது.

தள்ளியது நோய்க்கு மருந்து இல்லை, முதலுதவி மட்டுமே. பேட்டரி ஏன் டவுன் ஆனது என்று பார்க்க வேண்டும். கடையில் ஒரு மல்டிமீட்டர் வைத்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 12-க்கும் கீழ் என்றால் பேட்டரி கிட்டத்தட்டக் காலி. இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அவ்வளவு காட்டவில்லை என்றால் குற்றம் பேட்டரியில் இல்லை. சார்ஜ் ஏற்றும் காயிலிலோ, ‘ஆர்.ஆர். யூனிட்’டிலோ இருக்கலாம். இதைப் பார்க்காமல் புது பேட்டரி போட்டால், அதுவும் சில நாள்களில் படுத்துவிடும்.

புறநகர்வாசிகளின் பேட்டரிக்கு இன்னொரு எதிரி, குட்டிப் பயணம். சேலையூரிலிருந்து ஸ்டேஷனுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர். மாலையில் திரும்பினால் அதே தூரம். நடுவில் காய்கறிக் கடை, டியூஷன் என்று நான்கு ஸ்டார்ட். ஒவ்வொரு ஸ்டார்ட்டும் எடுத்துக்கொள்ளும் சார்ஜை, அந்தச் சின்ன ஓட்டம் திருப்பித் தருவதில்லை. 2017 ஏப்ரல் முதல் வந்த புதிய வண்டிகளில் இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் ஹெட்லைட்டும் எரிகிறது. அதோடு எக்ஸ்ட்ரா ஹாரன், கலர் விளக்கு, மொபைல் சார்ஜர் என்று மாட்டினால் பேட்டரி பாவம் என்ன செய்யும்?

வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேர ஓட்டம் கொடுங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்து, இறுக்கி, கொஞ்சம் வாஸ்லைன் தடவச் சொல்லுங்கள். பேட்டரிக்கு மூன்று வயதைத் தாண்டிவிட்டால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குக் கிளம்பும் முன் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பத்து நாளுக்கு மேல் வண்டியை நிறுத்துவதாக இருந்தால், நெகட்டிவ் வயரைக் கழற்றிவைத்துவிட்டுப் போகலாம்.

அவசரத்துக்குக் கார் பேட்டரியிலிருந்து வயர் போட்டு எடுக்கும் வழியும் உண்டு. கார் இன்ஜின் ஆஃபில் இருக்க வேண்டும். பாசிட்டிவுக்குப் பாசிட்டிவை முதலில் கொடுத்து, கடைசியாகக் காரின் நெகட்டிவிலிருந்து வரும் வயரை பைக் இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் இ.சி.யு. போய்விடும். அதனால் பழக்கம் உள்ளவர் கையில் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

தள்ளி எடுக்கும் வேலையே தேவைப்படாத காலம் ஒரு நாள் வரலாம். எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு கிளட்ச்சும் இல்லை, கியரும் இல்லை. தள்ளி என்ன ஆகப் போகிறது? அதுவரை, பண்டிகை முடிந்த ஒரு விடியலில் தாம்பரம் பார்க்கிங்கில் யாராவது தயங்கித் தயங்கி, “அண்ணே...” என்று கூப்பிட்டால், பையைக் கீழே வையுங்கள். தள்ளுவதற்கு முன், “சாவியைப் போடு தம்பி, பம்ப் சத்தம் கேக்குதா?” என்று மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிறது என்றால், அப்புறம் என்ன... செகண்ட் கியர்தான்!